தாயக்கட்டையும் பாத்திரத்தின் வலிமையும்

புதுவயல் முதலான செட்டிநாட்டு ஊர்களில் பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டி ஆடும் தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்பதில் ஆடுபவரின் சாமர்த்தியம் உண்டெனினும், காய்களுக்குத் தமக்கெனக் குணம் எதுவும் கிடையாது. காய்க்கே குணம் கொடுத்த ஆட்டம், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இவ்வகைக் கதைவேட ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதை வாயால் சொல்ல, ஆட்டத்தை நடத்துபவர் விளைவைக் கூறுவார். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்குமிடத்தில் பகடை தீர்ப்பளிக்கும்.

பாத்திரத்தின் உடல்வலிமை, லாகவம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறும் 'திறன் மதிப்பெண்கள்' எனப்படும். தொடக்க விதிப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும் என்பதால், சாத்தியமான 216 சேர்க்கைகளில் 10, 11 ஆகியவை தலா 27 முறை வர, 18 ஒரேயொரு முறைதான் வரும். இத்தனை அரிதாகக் கிடைத்த 18, முதற்பதிப்பில் வாள்வீச்சுக்குப் பெரிதாக உதவவில்லை என்பது வேடிக்கை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பே, 10க்கு மேல் ஒவ்வோர் இரண்டு புள்ளிக்கும் பகடை எண்ணோடு ஒன்றைக் கூட்டும் சீரான முறையை ஆறு திறன்களுக்கும் பொதுவாக்கியது.

குறை, செயலின் வெற்றிதோல்வியைத் தீர்மானிக்க இவ்வாட்டத்தில் உருட்டப்படும் இருபது முகப் பகடையில் இருக்கிறது. அதில் எல்லா எண்களுக்கும் சமவாய்ப்பு. புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை சுமப்பவரின் வலிமை 18 என்றும், கணக்கெழுதுபவரின் வலிமை 10 என்றும், ஒரு நெல் மூட்டையைத் தூக்க 15 எடுக்க வேண்டும் என்றும் கொண்டால், முன்னவர் 100க்கு 50 முறையும் பின்னவர் 30 முறையும் வெல்வர். அதாவது, சுமப்பவர் தோற்ற மூட்டையைக் கணக்கர் தூக்கிவிடுவது 100க்கு 15 முறை நேரும். ஆலையில் இதை யாரும் நம்பமாட்டார்கள்.

பல பகடைகளின் கூட்டுத்தொகையோ நடுவில் குவிகிறது. 1986இல் வெளிவந்த 'கர்ப்ஸ்' என்னும் ஆட்டத்தில் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை திறன் மதிப்பெண்ணைத் தாண்டாவிட்டால் வெற்றி என்பதால், 10 உள்ளவர் 100க்கு 50 முறை வெல்ல, 14 உள்ளவர் 90க்கும் மேற்பட்ட முறை வெல்கிறார். திறன் உண்மையிலேயே திறனாக நிற்க வேண்டுமானால் இம்முறையே பொருத்தமானது. ஐயமுள்ளவர்கள் வீட்டுத் தாயக்கட்டைகள் இரண்டையும் நூறு முறை உருட்டி, மூன்று எத்தனை முறை விழுகிறது, பன்னிரண்டு எத்தனை முறை விழுகிறது என்று குறித்துப் பார்க்கலாம்.