சோலைமந்தி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் குரங்கு சோலைமந்தி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடக மலைகளைத் தாண்டி உலகில் வேறெந்தக் காட்டிலும் இது கிடையாது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். முகத்தைச் சுற்றியுள்ள வெண்சாம்பல் பிடரியால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. வால் நுனியில் உள்ள மயிர்க்குஞ்சமே காரணம். அதே காட்டில் திரியும் கருமந்தி வேறு. அதற்கு வால் மிக நீளம், குஞ்சம் இல்லை. இலைதழையே முக்கிய உணவு.

பொழுது விடிந்ததும் சோலைமந்திக் கூட்டம் இரை தேடப் புறப்படும். பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் 10 முதல் 20 வரை இருக்கும். வளர்ந்த ஆண் ஒன்றோ இரண்டோதான். ஆண் எழுப்பும் உரத்த குரல் அடர்ந்த காட்டுக்குள்ளும் வெகுதூரம் கேட்கும். பட்டையை உரித்தும், சுருண்ட சருகைப் பிரித்தும் பூச்சிகளைத் தேடும். தவளை, ஓணான், பறவை முட்டையையும் விடாது. கிடைக்கும் பழங்களைக் கன்னப்பைகளில் அடக்கிக்கொண்டு, பிறகு நிதானமாகத் தின்னும்.

இதன் வாழ்வோடு பின்னிப் பிணைந்த மரம் வெடிப்பலா. காய் முழுக்க முள். அந்த முட்களைப் பொருட்படுத்தாமல் காயைக் கடித்துத் திறந்து உள்ளிருக்கும் விதைகளை எடுத்துத் தின்னும் லாவகம் வியப்பானது. மற்ற பழங்கள் அரிதாகும் மாதங்களில் வெடிப்பலாவின் பூவும் இதற்கு உணவு.

உண்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் மரத்தின் மேல்தான். கிளையோடு கிளை கோத்திருக்கும் காடே இதற்குப் பாதை. கோவை மாவட்டத்தின் வால்பாறையில் 1890களில் தேயிலை பயிரிடத் தொடங்கியபின் அந்தப் பாதை அறுந்தது. எஞ்சிய சோலைகள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாயின. புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன. வண்டிகளில் அடிபட்டு இறந்தவையும் உண்டு. இதைத் தடுக்க, சாலையின் இருபுற மரங்களையும் இணைத்து மேலே தொங்குபாலங்கள் கட்டப்பட்டன. அவற்றின் வழியே அவை கடந்து போகின்றன.

இழப்பை ஈடுசெய்ய இவ்விலங்கால் எளிதில் முடியாது. சூல்காலம் ஏறக்குறைய ஆறு மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். காடுகளில் இருப்பவை சுமார் 4,000 என்பது மதிப்பீடு.

கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றில் அணைகட்டும் திட்டத்தை எதிர்த்த மக்களுக்கு இந்தக் குரங்கே அடையாளமாக இருந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் செல்வோர் புதுத்தோட்டம் அருகே வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். சோலைமந்திக்குத் தின்பண்டம் எதையும் போடக் கூடாது.