சக்கர நாற்காலியும் ராட்டினம் பார்க்க வரட்டும்!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்றால், வீட்டில் முதல் பேச்சே ‘எங்கே போகலாம்?’ என்பதுதான். எங்கள் நாகமலை புதுக்கோட்டைப் பிள்ளைகளைக் கேட்டால், வைகைக்கு அந்தப் பக்கம் பரவையில் இருக்கும் ‘அதிசயம்’ பூங்காவைத்தான் கை காட்டுவார்கள். நான்குவழிச் சாலையைப் பிடித்தால் துவரிமான், சமயநல்லூர் என்று சீக்கிரம் போய்விடலாம். யார் யார் போவது, எத்தனை மாற்றுத்துணி எடுப்பது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, உள்அறையிலிருந்து ஒரு குரல் வரும். ‘நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்.’

பக்கவாதம் வந்து ஒரு கை, கால் தளர்ந்த அப்பத்தாவாக இருக்கலாம். மூட்டுத் தேய்ந்து நூறு அடி நடக்க முடியாத தாத்தாவாக இருக்கலாம். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட மகனாக இருக்கலாம். அவர்களுக்கும் ஆசை உண்டு. ‘நம்மால் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாமே’ என்றுதான் ஒதுங்குகிறார்கள். நாமும் ‘பாவம், அலைக்கழிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சரியாகத் திட்டம் போட்டால் அவர்களையும் பத்திரமாகக் கூட்டிப் போய்வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

யார் போகலாம், யார் பொறுக்க வேண்டும்?

பூங்காவுக்குப் போவது வேறு, ராட்டினத்தில் ஏறுவது வேறு. இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வையுங்கள். நிழலில் உட்கார்ந்து பேரன் பேத்தி கும்மாளத்தைப் பார்ப்பது, படகுக் குளத்தோரம் ஒரு சுற்று வருவது, எல்லோருடனும் சாப்பிடுவது எல்லாம் நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு ஆகக்கூடியதே.

ஆனால் பக்கவாதம் வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள், நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்கள், அறுவை சிகிச்சைக் காயம் ஆறாதவர்கள், படுக்கைப் புண் உள்ளவர்கள் இந்த முறை பொறுத்துக்கொள்வதே நல்லது.

வேகமாகச் சுழல்வதும், திடீரென்று விழுவதும், உலுக்குவதுமான ராட்டினங்கள் இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம், எலும்பு மெலிவு, விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம். இவர்கள் நடக்கக்கூடியவர்களாக இருந்தாலும் இதே விதிதான். சித்த மருத்துவத்தில் வாதத்தை ‘வளி’ என்று சொல்வோம். வளி என்றால் காற்று, அசைவு. ஏற்கெனவே வளி கெட்டு நிற்கும் உடம்பை மேலும் உலுக்கக் கூடாது.

தள்ளும் நாற்காலியா, பேட்டரி வண்டியா?

பூங்காவுக்குள் ஒரு நாளில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் சுலபமாக நடந்துவிடுவோம். வீட்டில் பத்தடி நடக்கிறார் என்பதற்காக நாற்காலி இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள். மூட்டுவலிக்காரர் முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் நடப்பார். அதற்கப்புறம் எல்லோருடைய நாளும் கெட்டுவிடும்.

சாதாரண மடக்கு நாற்காலி சுமார் 18 முதல் 20 கிலோ இருக்கும். காரின் டிக்கியில் வைத்துவிடலாம், தண்ணீர் பட்டால் துடைத்தால் போச்சு. ஆனால் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மருமகள் ஒருத்தியாகவே இருந்தால் அவளுக்கு விடுமுறை ஏது? ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் ஓடும் நாற்காலியும் மூன்று, நான்கு சக்கரப் பேட்டரி வண்டியும் இருந்தால் அவரே ஓட்டிக்கொண்டு போகலாம். பிறர் தயவு இல்லாமல் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்பதே பெரிய மருந்து. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த ‘நியோபோல்ட்’ என்ற கருவியை அதற்கேற்ற சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிவிட்டால், அது மோட்டார் வண்டியாகவே மாறிவிடும்.

பேட்டரி வண்டியில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதல் நாள் இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். கம்பெனிக்காரர் சொன்ன தூரம் சமதரைக்குத்தான். ஏற்றத்திலும் மணலிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தண்ணீர் தெறிக்கும் விளையாட்டுகளின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மோட்டாரும் ஸ்விட்சும் நனைந்தால் நடுவழியில் நின்றுவிடும். ராட்டினத்தில் மற்றவர்கள் ஏறப்போகும்போது வண்டியின் சாவியை உருவிவிடுங்கள். யாராவது ஒரு பிள்ளை விளையாட்டாகத் திருகிவிடும்.

கிளம்புவதற்கு முன் ஒரு போன்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பூங்காவுக்குப் போன் செய்யுங்கள். ‘வசதி இருக்கா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், ‘எல்லாம் இருக்கு சார்’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

• வாசலிலிருந்து உள்ளே போகப் படி எத்தனை? சாய்தளம் உண்டா?

• கழிப்பறைக் கதவு எத்தனை அடி அகலம்? உள்ளே கைப்பிடி உண்டா?

• பாதை சிமென்ட்டா, மணலா, சரளையா?

• சக்கர நாற்காலி அங்கேயே தருவார்களா? முன்பணம் எவ்வளவு?

• நாற்காலியில் வருகிறவர் எந்தெந்த விளையாட்டில் ஏறலாம்? வரிசையில் நிற்காமல் போக வேறு வழி உண்டா?

உங்கள் நாற்காலியை வெளிச்சக்கரத்தோடு சேர்த்து வீட்டிலேயே அளந்து வையுங்கள். பெரும்பாலும் 25, 26 அங்குலம் வரும். இரண்டடிக் கதவில் அது நுழையாது. மூன்றடிக் கதவு இருந்தால் கவலை இல்லை.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ‘சாய்தளம்’ என்று பெயர் சூட்டியிருக்கும் இடங்கள் உண்டு. அதில் ஏறினால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக மெதுவாக இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழுவார்.

மணலும் பெரிய எதிரி. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ல் மணல் மீது நிரந்தர மரப்பாதை திறந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பிறர் தூக்காமல் அலையருகே போக முடிந்தது. அடுத்த மாதமே வந்த மாண்டஸ் புயலில் அது சேதமானது; பிறகு சரி செய்தார்கள். ஒரு பாதை எத்தனை பேருக்குக் கடலைக் காட்டியது பாருங்கள்!

மூன்று வகை விளையாட்டு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் டிஸ்னி பூங்காவுக்கும் போய் வருகிறார்கள். அங்கே விளையாட்டுகளை வகை பிரித்தே சொல்லிவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறக்கூடியவை ஒரு வகை. பேட்டரி வண்டியை விட்டுவிட்டுச் சாதாரண நாற்காலிக்கு மாறினால் ஏறக்கூடியவை இன்னொரு வகை. நாற்காலியை விட்டு இறங்கி அவர்கள் இருக்கையில் உட்கார்ந்தே தீர வேண்டியவை மூன்றாவது வகை. அங்கேயும் ஊழியர்கள் யாரையும் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள். கூட வந்தவர்தான் செய்ய வேண்டும்.

இந்த மூன்று வகைக் கணக்கை நம் ஊருக்கும் எடுத்துக்கொள்ளலாம். பூங்கா வரைபடத்தைப் பார்த்ததும் ஒவ்வொன்றும் எந்த வகை என்று குறித்துவிடுங்கள். நம்மிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் வகைதான். ஆகவே ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று ஏற்றத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பொம்மை ரயில், மெதுவாகப் போகும் படகு போன்றவை நல்ல தேர்வு. ராட்சத ராட்டினம் என்றால், முழுதாக நிறுத்தி ஏற்றுவார்களா என்று முதலில் கேளுங்கள். ‘ஓடும்போதே ஏறிக்குங்க’ என்றால் வேண்டாம்.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2010-ல் ‘மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ என்று ஒரு பூங்கா திறந்தார்கள். மாற்றுத்திறனாளியான தன் மகளின் பெயரில் ஒரு தந்தை உருவாக்கியது. அங்கே சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலும் ராட்டினமும் உண்டு. 2017-ல் தண்ணீர்ப் பூங்காவும் வந்தது. தண்ணீரில் நனைந்தாலும் கெடாத, காற்றழுத்தத்தால் ஓடும் நாற்காலிகளை அங்கே தருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி இலவசம். மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தூக்காதீர்கள், நகர்த்துங்கள்

பூங்காவில் ராட்டினம் ஓடும்போது மட்டும் இல்லை, ஏற்றும்போதும் இறக்கும்போதும் அடிபடலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து ‘ஏலேலோ’ என்று தூக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கவாதக்காரரின் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். ஆறு மாதம் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பலன் கண்டது ஒரே இழுப்பில் போய்விடும்.

சரியான முறை இது. நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். நல்ல கை, நல்ல கால் இருக்கும் பக்கம் இருக்கையை ஒட்டி வரட்டும். இரண்டு பிரேக்கையும் போடுங்கள். கால்பலகையை மடக்குங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் அல்லது மடித்த துண்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் குனிந்து, நல்ல காலை ஊன்றி எழ வேண்டும். அப்படியே திரும்பி உட்கார வேண்டும். கூட இருப்பவர் தன் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி வைத்துத் தாங்க வேண்டும். இறங்கும்போதும் நல்ல பக்கமே நாற்காலியை நோக்கி வரும்படி இடம் மாற்றி நிறுத்துங்கள்.

இதைப் பூங்காவில் முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே தினம் இரண்டு முறை பழகுங்கள். உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காதவரை, பிடிமானமில்லாத இருக்கையில் ஏற்றக் கூடாது.

வெயிலும் வேகமும்

மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய், 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் தங்கிவிடுங்கள். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு உடம்பு சரியாக வியர்க்காது. சூடு உள்ளேயே தங்கிவிடும். தலை, கழுத்து, கைகளை ஈரத் துண்டால் அடிக்கடி துடையுங்கள். உணர்ச்சி இல்லாத கால்கள் வெயிலில் காய்ந்த இரும்பு இருக்கையில் பட்டால், சுடுவதே தெரியாமல் கொப்புளித்துவிடும். முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். மேலே துண்டை மடித்துப் போடுங்கள்.

வெளியூர் போனால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு, முக்கியமாகப் பெண்கள். சித்த நூல்கள் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்கின்றன. அதில் சிறுநீரும் உண்டு, நீர்வேட்கையும் உண்டு. அடக்கினால் நீர்க்கடுப்பு, காய்ச்சல் வரும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். சுற்றுலாவில் அவர் ‘தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது’ என்றால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர் பிரியவோ குழாயைச் சரி செய்யவோ வழி பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை.

குடிக்க, சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீர், நீர்மோர், இளநீர் நல்லவை. சிறுநீரக நோயாளிகள் இளநீரையும், ரத்த அழுத்தக்காரர்கள் உப்பு மோரையும், சர்க்கரைக்காரர்கள் பானகத்தையும் தவிர்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு இட்லியும் தயிர்சாதமும் போதும்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பைச் சற்றுச் சாய்த்தோ, கையை ஊன்றி எழும்பியோ உட்காரும் இடத்தின் அழுத்தத்தை மாற்ற வேண்டும். மணிக்கு ஒரு முறை கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துவிடுங்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இடுப்பு, பிட்டம், குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அசதிக்கு நொச்சி இலையை வதக்கி இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் மட்டும் எந்த ஒத்தடமும் கூடாது.

பையில் இருக்க வேண்டியவை

அன்றைய மாத்திரைகள், மருந்துச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இரண்டு துண்டு, மாற்றுடை, குடை, இடுப்புப் பெல்ட், சிறுநீர்க் குவளை, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப். செல்போனை லாக்கரில் வைப்பீர்கள் அல்லவா? அதனால் பிரிந்தால் எந்த இடத்தில் சேருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேட்பது உரிமை

2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19-ல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்களும் சேவைகளும், தனியாருடையதானாலும், எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவுகள் வெறும் யோசனையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் கழிப்பறையில் கைப்பிடி இல்லையென்றால், சண்டை வேண்டாம். வெளியே வரும்போது அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பத்துக் குடும்பம் எழுதினால் பதினோராவது குடும்பத்துக்குக் கைப்பிடி இருக்கும்.

முதல் முறையே முழு நாள் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஒத்திகை போய்வாருங்கள். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் லிஃப்ட் உண்டு, குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. குளுகுளு அறை, வெயில் பயம் இல்லை. அங்கே பழகிவிட்டால் பூங்கா பெரிய விஷயமாகத் தெரியாது. இந்த லீவில் தேதி குறிக்கும்போது அப்பத்தாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் குறியுங்கள். வீட்டைப் பூட்டு பார்த்துக்கொள்ளும்!