தோமையாரைக் கொன்றது ஈட்டியா, அம்பா?

வரதய்யபாளையம் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. வேலை முடிந்து திரும்பும் தமிழர்கள் மாலையில் கூடும் இடம். தச்சர், கொத்தனார், கம்பெனிக் குமாஸ்தா என எல்லோரும் வருவார்கள். அங்கே ஒரு நாள் வாக்குவாதம் மூண்டது.

பரங்கிமலைத் திருவிழாவுக்குப் போய் வந்த தச்சர் ஒருவர், "தோமையாரை ஈட்டியால் குத்திக் கொன்னாங்க" என்றார். "இல்லை அண்ணே, மயிலுக்கு விட்ட அம்பு தவறிப் பட்டு இறந்தார்னு படிச்சிருக்கேன்" என்றார் இளம் குமாஸ்தா ஒருவர். கொன்றவன் யார், எந்த ஜாதி என்று பேச்சு வளர்ந்தது. குரல்களும் உயர்ந்தன. கடைசியில், "ரெயில்வே சார், நீங்கதான் பேப்பருக்கு எழுதுறவர். எது நிஜம்னு பார்த்துச் சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பார்த்தேன். அதை இங்கே சொல்கிறேன்.

கூலிக்கு வந்த தச்சர்

தோமையார் ஏசுநாதரின் பன்னிரு சீடர்களில் ஒருவர். அவர் இந்தியா வந்த கதையைச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமையாரின் பணிகள்' என்பதாகும். 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது.

சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொண்டனராம். தோமையாருக்கு விழுந்தது இந்தியா. "எபிரேயனான நான் இந்தியர்களிடம் எப்படிப் போவது?" என்று அவர் மறுத்தார். அப்போது கொந்தபோரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டத் தச்சன் வேண்டும் என்று ஹப்பான் என்ற வணிகனை அனுப்பியிருந்தான். ஏசுநாதரே தோமையாரை அந்த வணிகனுக்கு அடிமையாக விற்றுவிட்டார் என்கிறது கதை. "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டான் வணிகன். ஏர், நுகத்தடி, படகு செய்வேன். கல்லில் தூணும் மாளிகையும் எழுப்புவேன் என்று பதில் வந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்மிடம் மேஸ்திரி கேட்கும் கேள்வியும் இதுதானே!

மன்னன் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். "அரண்மனை எங்கே?" என்று கேட்டபோது, "அது விண்ணுலகில் இருக்கிறது" என்றார். மன்னன் அவரைச் சிறையில் தள்ளினான். அன்றிரவு இறந்துபோன மன்னனின் தம்பி, விண்ணுலகில் அந்த அரண்மனையைக் கண்டு உயிர்பெற்று வந்து சாட்சி சொன்னான். மன்னன் மன்னிப்புக் கேட்டான்.

இது வெறும் கதை என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் கொந்தபோரஸ் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. மன்னன் இருந்தது உண்மை என்று தெரிந்தது. கதை முழுவதும் உண்மை என்று அதனால் ஆகிவிடாது.

மூன்று கதை, மூன்று கொலையாளி

இப்போது மரணத்துக்கு வருவோம்.

பழைய நூலின்படி, மஸ்தாய் என்ற வேறொரு மன்னனின் கட்டளைப்படி நான்கு வீரர்கள் ஊருக்கு வெளியே ஒரு மலையில் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அந்த ஊர் மயிலாப்பூர் என்று நூல் சொல்லவில்லை.

1290களில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ எழுதியது வேறு. தோமையார் ஜெபம் செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் மயில்கள். வேடன் ஒருவன் மயிலுக்கு விட்ட அம்பு அவர் வலது விலாவில் பாய்ந்தது. இது கொலையே அல்ல, விபத்து.

போர்த்துகீசியர் காலத்தில் பரவிய மூன்றாவது கதைதான், பரங்கிமலையில் ஜெபம் செய்தவரை அந்தணர் ஒருவர் ஈட்டியால் குத்தினார் என்பது.

அரச வீரர், வேடன், அந்தணர் என்று காலத்துக்குக் காலம் ஆள் மாறுகிறது. தோமையார் 52இல் இந்தியா வந்தார், 72இல் உயிர் துறந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அந்தக் காலத்துக் கல்வெட்டோ ஏடோ சான்றாகக் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, யார் மீதும், எந்த ஜாதி மீதும் இந்தப் பழியைச் சுமத்த ஆதாரம் கிடையாது.

சிற்பிகள் கண்ட தோமையார்

ஐரோப்பாவில் இவர் முதலில் 'சந்தேகத் தோமை'தான். ஸ்பெயின் நாட்டுச் சிலோஸ் மடத்தில், 1100ஐ ஒட்டிச் செதுக்கிய சிற்பத்தில், உயிர்த்தெழுந்த ஏசுநாதரின் விலாக் காயத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார். 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பூர்ஜ் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடியிலும், செமூர் ஆலய வாசற்சிற்பத்திலும் அவருடைய இந்தியக் கதை இடம்பெற்றது. பின்னாளில் அவர் கையில் ஈட்டியோ, தச்சரின் மூலைமட்டமோ இருக்கும். கட்டடம் கட்டுவோரின் பாதுகாவலர் என்று அவரைக் கொண்டாடினார்கள்.

நம் பரங்கிமலையில் இருப்பது கற்சிலுவை. 1547இல் ஆலயத்துக்காகத் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் இடைக்காலப் பாரசீகமான பகலவி மொழி எழுத்து. 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்டது என்பர். பகலவி அறிந்தவர்கள் பொருள் சொல்வதில் வேறுபடுகிறார்கள். அதில் ஈட்டியும் இல்லை, அம்பும் இல்லை, கொன்றவன் பெயரும் இல்லை.

ஒரு பிடி மண்

கதைகள் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பழைய நூலில், மன்னன் மஸ்தாயின் மகனுக்குப் பேய் பிடித்தபோது தோமையாரின் கல்லறை மண்ணால்தான் குணமாகிறது. மார்க்கோ போலோவும், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அங்கே வந்தார்களாம். கொன்றவனைத் தேடி யாரும் போகவில்லை. நோயாளிக்கு மருந்து தேடித்தான் போனார்கள்.

நேரில் பார்க்க விரும்புவோர் தடாவில் மின்சார ரெயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்தால் பரங்கிமலை வந்துவிடும். மலைப்படிகள் ஆர்மேனிய வணிகர் பீட்டர் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. அவரும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்தான். டிசம்பர் 18 மலைக்கோவில் திருவிழா. ஜூலை 3 தோமையார் திருநாள்.

டீக்கடையில் இதையெல்லாம் சொன்னேன். குமாஸ்தாவும் தச்சரும் மவுனமாகக் கேட்டார்கள். முடித்ததும் தச்சர் தன் பையிலிருந்த மூலைமட்டத்தை எடுத்துத் துடைத்தபடியே கேட்டார்: "சாமி கையில இது இருக்குன்னு நிஜமாவா சார் சொல்றீங்க?"

"நிஜமாகத்தான்" என்றேன்.

"அடுத்த டிசம்பர் நீயும் என்கூட மலைக்கு வா தம்பி" என்றார் அவர், குமாஸ்தாவைப் பார்த்து.