எரிமலை இல்லாத ஊரும் எரிமலைச் சாம்பலும்



"சிங்கப்பூரில் எரிமலை உண்டா?" என்று நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும், தேக்கா சந்தையில் காய்கறி வாங்குபவரைக் கேட்டாலும், "இல்லை" என்றே சொல்வார்கள். அது சரியான விடைதான். ஆயினும் எரிமலைக்கும் அந்த ஊருக்கும் தொடர்பே இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எரிமலை எப்படி உண்டாகிறது? பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சுமத்ரா, ஜாவா தீவுகளை ஒட்டிய ஆழ்கடலில் ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைகிறது. கடல்நீரும் அதனோடு உள்ளே போகிறது. நீர் சேர்ந்தால் ஆழத்திலுள்ள சூடான பாறை எளிதில் உருகும். உருகிய குழம்பு மேலேறும்போது, அதில் அடைபட்ட வாயுக்கள், குலுக்கித் திறந்த சோடா பாட்டிலைப் போலச் சீறி வெளிப்படுகின்றன. இவ்வாறு இந்தோனேசியாவில் மட்டும் 120க்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகள் உள்ளன. சிங்கப்பூர் அந்த வரிசையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகி நிற்பதால் அங்கு எரிமலை இல்லை.

ஆனால் எரிமலையின் ஓசையும் சாம்பலும் எல்லை பார்ப்பதில்லை. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா வெடித்த முழக்கம், சுமார் 840 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூரிலும் கேட்டது. அவ்வெடிப்பில் 36,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது அதனால் எழுந்த கடல் அலையே.

சாம்பலின் ஆபத்தை உலகம் நன்றாக உணர்ந்தது 1982இல். ஜாவாவின் கலுங்குங் எரிமலை அப்போது பொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. அதில் 263 பேர் இருந்தனர். ஜூலை 13 அன்று, சிங்கப்பூரிலிருந்து மெல்பர்னுக்குச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூன்று எஞ்சின்கள் செயலற்றன. இரண்டும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கின.

இது நம் அடுப்புச் சாம்பல் போன்றதன்று. பொடியான பாறையும் கண்ணாடித் துகளும் கலந்தது. எஞ்சினின் கடும் வெப்பத்தில் அது உருகி உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றின் வழியை அடைக்கிறது. எஞ்சின் ஆறியதும், மங்கில் காய்ந்த ஒட்டுப்பால் உரிந்து வருவதுபோல, ஒரு பகுதி பெயர்ந்து விழுகிறது. அதனால்தான் பிரிட்டிஷ் விமானத்தின் எஞ்சின்கள் மீண்டும் ஓடின. அந்தச் சாம்பல் உலர்ந்திருந்ததால், மழை மேகத்தைக் காட்டும் ரேடார் அதைக் காட்டவில்லை.

இப்பாடத்திற்குப் பின் உலகில் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை நிலையங்கள் அமைந்தன. இந்தோனேசிய வானத்தை ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையம் கவனிக்கிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் எரிமலைகளை ஆராயும் கூடம் உண்டு. 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவோதோபி எரிமலை பொங்கியபோது, சிங்கப்பூருக்கும் பாலிக்கும் இடையிலான விமானங்கள் சிலவும் ரத்தாயின. பயணிகளுக்குச் சிரமம்தான். ஆனால் 1982இல் நடுவானில் தெரிந்த ஆபத்தை இப்போது தரையிலேயே தெரிந்துகொள்கிறோம்.

உலகில் சுமார் 40 முதல் 50 எரிமலைகள் எப்போதும் வெடிப்பு நிலையில் இருக்கின்றன. ஆகவே ஒரு வெடிப்புச் செய்தி வந்ததும் உலகம் முடியப்போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. எரிமலை மண் வளமானது. சுமத்ராவில் கெரின்சி எரிமலையின் அடிவாரத்தில் நம்மைப் போன்ற தொழிலாளர்கள் தேயிலை கிள்ளுகிறார்கள். அந்த மலை அவர்களுக்குச் சோறும் போடுகிறது, எச்சரிக்கையாகவும் இருக்கச் சொல்கிறது.

நம் வீட்டார் யாரேனும் விமானத்தில் புறப்படும் நாளில் சாம்பல் காரணமாகப் பயணம் தள்ளிப்போனால், கோபம் கொள்ள வேண்டாம். சாம்பல் விழும் ஊரில் இருக்க நேர்ந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, குடிநீரையும் மூடி வைத்து, வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாய்வழி வதந்தியை விட்டு, அதிகாரிகளின் அறிவிப்பைக் கேட்க வேண்டும். எரிமலையை நம்மால் தடுக்க முடியாது. அது தரும் அறிகுறியை மதித்து நடந்தால் உயிரைக் காக்கலாம்.