ஒத்தியங்கா நினைவக நகலெடுப்பு

ஒத்தியங்கா நினைவக நகலெடுப்பு என்பது, கணினி நினைவகத்தின் ஓரிடத்தில் உள்ள தரவை மற்றோரிடத்திற்கு நகலெடுக்கும் பணியைத் தனி வன்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை காத்திராமல் மையச் செயலி வேறு பணிகளைத் தொடரும் முறை ஆகும். இயக்குதளத்தின் உட்கருவான கருனி, இதற்கான இடைமுகத்தைத் தன் பிற பகுதிகளுக்கு வழங்குகிறது. லினக்சு கருனியில் இவ்வசதி 2006 ஆம் ஆண்டு வெளியான 2.6.18 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

தேவை

வழக்கமான நகலெடுப்பில் செயலியே தரவைப் படித்து, செயலியே எழுதுகிறது. 4096 பைட்டு கொண்ட ஒரு நினைவகப் பக்கத்தை எட்டெட்டு பைட்டாக நகலெடுக்க 512 முறை படிக்கவும் 512 முறை எழுதவும் வேண்டும். அகலமான கட்டளைகள் இவ்வெண்ணிக்கையைக் குறைத்தாலும், நகலெடுப்பு முடியும்வரை செயலி அதிலேயே ஈடுபட்டிருக்கும்.

பிணையத்தின் வழி வரும் தரவு முதலில் கருனியின் இடையகத்தில் சேர்கிறது. பின்னரே பயன்பாட்டு நிரலின் நினைவகத்திற்கு நகலெடுக்கப்படுகிறது. நொடிக்கு 10 கிகாபிட்டு வேகமுள்ள பிணையத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 1.25 கிகாபைட்டு நகலெடுப்பு ஆகும். கூகுள் தரவு மையங்களைப் பற்றி 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, செயலி நேரத்தில் 4 முதல் 5 விழுக்காடு நினைவக நகலெடுப்பிலேயே செலவாவதாகக் கண்டறிந்தது. கோவளத்திற்கு வடமேற்கே உள்ள சிறுசேரி சிப்காட் பூங்காவில் இருப்பவை போன்ற பெரிய தரவு மையங்களில் இவ்வளவு செயலி நேரம் என்பது, அதற்குரிய மின்சாரமும் குளிரூட்டலும் ஆகும்.

செயற்படும் முறை

லினக்சில் இப்பணியைக் கவனிக்கும் துணை அமைப்பு டிஎம்ஏ என்சின் எனப்படும். நேரடி நினைவக அணுக்கம் (டிஎம்ஏ) செய்யவல்ல வன்பொருள்களை இது பொதுவான ஓர் இடைமுகத்தின் கீழ்க் கொணர்கிறது. ஒரு நகலெடுப்பு பின்வரும் படிகளில் நிகழும்:

1. வன்பொருளின் தடங்களுள் ஒன்றைக் கேட்டுப் பெறுதல்.
2. மூலம், சேருமிடம் ஆகியவற்றின் முகவரிகளை வன்பொருள் அறியும் முகவரிகளாக மாற்றுதல். தேவையான இடங்களில் செயலியின் பதுக்கு நினைவகமும் இப்போதே ஒத்திசைக்கப்படும்.
3. எங்கிருந்து, எங்கே, எத்தனை பைட்டு என்பதைக் கூறும் விவரிப்பியை உருவாக்குதல்.
4. விவரிப்பியை வரிசையில் சேர்த்து, அதற்குரிய அடையாள எண்ணைப் பெறுதல்.
5. வரிசையில் உள்ளவற்றைத் தொடங்குமாறு ஆணையிடுதல். பல விவரிப்பிகளுக்குச் சேர்த்து ஒரே ஆணை போதும்.
6. குறுக்கீட்டின் வழியாகவோ, அடையாள எண்ணைக் கொண்டு நிலையை வினவியோ பணி முடிந்ததை அறிதல்.

நான்காம் படிக்கும் ஆறாம் படிக்கும் இடையே அந்நினைவகம் வன்பொருளின் பொறுப்பில் உள்ளது. அதுவரை மூலத்தை மாற்றுதலோ, சேருமிடத்தைப் படித்தலோ, இரண்டில் எதையேனும் விடுவித்தலோ கூடாது. ஒளிநகல் கடையில் தாள்களைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்பவர், இடையில் திரும்பி வந்து ஒரு தாளைத் திருத்தினால், நகலில் பழையதும் புதியதும் கலந்துவிடும். ஒத்தியங்கா நகலெடுப்பில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இத்தகையவை.

வட்டணிகளில் பயன்பாடு

இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டான் வில்லியம்சு உருவாக்கிய அசிங்க்-டிஎக்சு என்னும் மேலடுக்கு, 2007 இல் வெளியான 2.6.23 பதிப்பில் இடம்பெற்றது. ரெய்டு-5 வகை வட்டணிகளுக்கான மென்பொருள் இதனைப் பயன்படுத்துகிறது. உரிய வன்பொருள் இல்லாத கணினியில் இவ்வடுக்கு செயலியைக் கொண்டே நகலெடுத்துவிடும். ஆகவே அழைக்கும் நிரல் இரு வகைக் கணினிகளுக்கும் ஒன்றே.

ஒரு பணி முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கவேண்டும் என்ற சார்பையும் இதில் குறிப்பிடலாம். வட்டணியில் புதிய தரவு முதலில் நகலெடுக்கப்பட்டு, அதன் பின்னரே சமனித் தரவு கணக்கிடப்பட வேண்டும். வரிசை மாறினால் தவறான சமனித் தரவு வட்டில் எழுதப்படும். அன்றாடப் பயன்பாட்டில் இத்தவறு வெளியே தெரியாது. ஒரு வட்டு பழுதாகி, அதன் தரவை மீட்கும்போதுதான் புலப்படும்.

நெட் டிஎம்ஏ

இவ்விடைமுகத்தின் முதற் பயன்பாடு, 2.6.18 பதிப்பிலேயே இடம்பெற்ற நெட் டிஎம்ஏ ஆகும். பிணையத்தில் வந்த தரவை இன்டெலின் ஐ/ஓஏடி வன்பொருள் மூலம் நேரே பயன்பாட்டு நிரலின் நினைவகத்திற்கு நகலெடுப்பது இதன் நோக்கம்.

நகலெடுப்பு முடியும்வரை நிரலின் பக்கங்கள் நினைவகத்தில் பொருத்தி வைக்கப்பட்டன. ஆயினும் அந்நிரலின் மற்றோர் இழை அதே வேளையில் புதிய செயலாக்கம் ஒன்றைப் பிரித்தால், பக்கங்கள் இரண்டிற்கும் பொதுவாகி, எழுதும்போது மட்டும் நகலெடுக்கப்படும் நிலையை அடையும். அதன்பின் நிரல் அப்பக்கத்தில் எதையேனும் எழுதினால் அதற்குப் புதிய பக்கம் தரப்படும். வன்பொருளோ பழைய பக்கத்திலேயே தரவை எழுதிக்கொண்டிருக்கும். வந்த தரவில் ஒரு பகுதி நிரலுக்குக் கிட்டாமல் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கத்தைப் பொருத்துதல் அப்பக்கம் விடுவிக்கப்படாது என்பதற்கு மட்டுமே உறுதி. நிரலின் முகவரி தொடர்ந்து அப்பக்கத்தையே சுட்டும் என்பதற்கு அது உறுதியன்று. செயலி நகலெடுக்கும்போது நிரலின் முகவரி வழியாகவே எழுதுவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

இக்காரணத்தால் 3.13 பதிப்பில் நெட் டிஎம்ஏ பழுதுடையது எனக் குறிக்கப்பட்டு, 2014 இல் கருனியிலிருந்து நீக்கப்பட்டது. விண்டோசிலும் இதையொத்த நெட்டிஎம்ஏ வசதி விண்டோசு 8 முதல் கைவிடப்பட்டது.

வரம்புகள்

விவரிப்பி உருவாக்கம், முகவரி மாற்றம், குறுக்கீடு ஆகிய ஒவ்வொன்றும் நேரம் கொள்ளும். ஆகவே சிறிய நகலெடுப்புகளைச் செயலியே விரைவாக முடித்துவிடும். நெட் டிஎம்ஏயில் இவ்வெல்லை தொடக்கத்தில் 4096 பைட்டாக வைக்கப்பட்டிருந்தது. மேலும் செயலி நகலெடுத்த தரவு அதன் பதுக்கு நினைவகத்திலேயே இருக்கும். தனி வன்பொருள் நகலெடுத்ததை முதன்மை நினைவகத்திலிருந்து மீண்டும் கொணர நேரலாம். தரவை உடனே பயன்படுத்தும் நிரலுக்கு இதனால் பயன் குறையும்.

பிற்கால வளர்ச்சி

இன்டெல் 2019 இல் அறிவித்த தரவோட்ட முடுக்கி (டிஎசுஏ), 2023 இல் வெளியான சபையர் ரேப்பிட்சு செயலிகளில் இடம்பெற்றது. இதற்கான இயக்கி லினக்சு 5.6 பதிப்பில் (2020) சேர்க்கப்பட்டது. இவ்வன்பொருள் நிரலின் மெய்நிகர் முகவரிகளையே ஏற்று, பக்க அட்டவணையின் வழி அவற்றைப் பெயர்க்க வல்லது. நிரல் கருனியை அழைக்காமல் தானே பணியை ஒப்படைக்கவும் இயலும். எனினும் பணி முடியும்வரை நினைவகத்தைத் தொடலாகாது என்ற விதி மாறவில்லை. அதனைக் காக்கும் பொறுப்பு அப்போது நிரலாளரையே சாரும்.

இந்தியப் பங்களிப்பு

டிஎம்ஏ என்சின் துணை அமைப்பை 2010களிலிருந்து பராமரித்து வருபவர் இந்திய நிரலாளரான வினோத் கவுல். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசு இயக்குதளமும் லினக்சு கருனியையே அடிப்படையாகக் கொண்டது.

இவற்றையும் பார்க்க

நேரடி நினைவக அணுக்கம்
குறுக்கீடு
மெய்நிகர் நினைவகம்
லினக்சு கருனி