நிக்காஹ்வுக்கு முன் எச்ஐவி பரிசோதனை: கட்டாயமா? சம்மதமா?

"எச்ஐவி பரிசோதனைச் சான்றிதழை ஜமாஅத்தில் கொடுத்தால்தான் நிக்காஹ் என்று விதி வைத்தால் என்ன?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் கவலை நியாயமானது. ஆனால், கட்டாயம் அந்தக் கவலையைத் தீர்க்குமா?

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 1988இல் திருமண உரிமத்துக்கு இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் 6 மாதங்களில் சுமார் 70,000 பேரைச் சோதித்ததில் 8 பேருக்கே தொற்று தெரிந்தது. பலர் பக்கத்து மாநிலங்களுக்குப் போய் மணம் முடித்தனர். 1989இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

சவூதி அரேபியாவில் இது கட்டாயம்தானே என்று கேட்கலாம். அங்கு அதைச் செய்வது அரசின் சுகாதாரத் துறை. நம் மஹல்லாவில் ஒருவரின் சான்றிதழ் நிர்வாகிகளின் மேசைக்கு வந்தால், அது ஊர்ப்பேச்சாக எத்தனை நாளாகும்? மேலும், தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே சான்றிதழ் முழு உத்தரவாதமும் அல்ல.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, விவரம் அறிந்து தரும் சம்மதமின்றிப் பரிசோதனை செய்யக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல், தன் நிலையை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. அதே சட்டம், தொற்றுள்ளவர் பிறருக்கு அது பரவாமல் தடுக்கும் பொறுப்பையும் அவர் மீது வைக்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரின் குறைகளை மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மணம் முடிக்கப் போகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். அதை மறைத்து நிக்காஹ் செய்வது மோசடி. அதேநேரம் பிறர் குறையை ஊரறியப் பரப்புவதையும் மார்க்கம் தடுக்கிறது.

எனவே மணமகனும் மணமகளும் மனம் ஒப்பிச் சேர்ந்தே பரிசோதித்துக் கொள்ளட்டும். முடிவு அவ்விருவருக்குள் இருக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஜமாஅத் இதை எடுத்துச் சொல்லலாம். சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.

தொற்று தெரிந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் நீடித்தால், தாம்பத்திய உறவின் மூலம் துணைக்குப் பரவாது. அதை அறிந்து ஒருவர் மணக்கச் சம்மதித்தால், நாம் துஆ செய்வோம், தூற்ற வேண்டாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.