பழைய வீடும் புதிய அடுப்படியும்

செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் அடுப்படி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-களின் தொடக்கம் வரை அப்பகுதியில் எழுந்த பெரிய வீடுகள் பலவற்றின் அமைப்பு இதுவே.

முகப்பைக் கண்டு வியப்பவர்கள் அடுப்படி வரை வருவதில்லை. அங்கே தரையோடு தரையாக விறகடுப்பு. கரி படிந்த சுவர். அப்பத்தாவுக்கு மூட்டு வலி, அம்மாவுக்குக் கண் எரிச்சல். "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்றார் அப்பா. "என் காலத்துக்குப் பிறகு இடித்துக்கொள்" என்றார்கள் அப்பத்தா. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இடிக்காமலே திருத்த முனைந்தோம். அப்போது நான் கற்றவற்றை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, சுவர். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அவ்வழியே ஆவியாகிவிடும். இதை அறியாமல் சில ஆண்டுகளுக்கு முன் சுவரின் அடிப்பகுதிக்குச் சிமெண்டு பூசியிருந்தோம். வெளியேற வழியற்ற ஈரம் சிமெண்டுப் பூச்சுக்கும் மேலே ஏறியது. உப்புப் பூத்தது. பூச்சு, பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. இம்முறை சிமெண்டை அகற்றி, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசி, பொறுமையாகக் காயவிட்டோம்.

இரண்டாவது, காற்று. விறகுப் புகை சூடானது, மேலே எழும். எனவே முன்னோர் கூரையருகே புகைபோக வழி வைத்தனர். சமையல் எரிவாயுவோ புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேல் வழி மட்டும் அதற்குப் போதாது. ஆகையால் முற்றத்தை நோக்கித் தரையோரம் கம்பியிட்ட திறப்பு ஒன்று அமைத்தோம். அடைத்துவிட எண்ணியிருந்த மேல் வழியைத் தாளிப்பு நெடிக்கும் நீராவிக்குமாக அப்படியே விட்டுவிட்டோம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, உயரம். அம்மாவை நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்குச் சற்றுக் கீழே அளவெடுத்தோம். 2¾ அடி வந்தது. அந்த உயரத்தில் கடப்பைக்கல் மேடை போட்டோம். தண்ணீர்க் குழாயை வெளிப்புறமாகவே கொண்டுவந்தோம். மின்கம்பிகளைச் சுவரின் மேலேயே குழாயிட்டுப் பொருத்தினோம். பழைய சுவரை வெட்டித் துளைக்கவில்லை.

அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலையில் அப்படியே இருக்கின்றன. நெடுநேரம் நிற்க முடியாத அப்பத்தாவுக்காக, முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணை கட்டினோம். இன்றும் எங்கள் வீட்டுக் காய்கறி அவர்கள் கையால்தான் அரியப்படுகிறது.

பழைய வீட்டில் கைவைக்குமுன், அது ஏன் அவ்வாறு கட்டப்பட்டது என்று ஒருமுறை கேட்டறியுங்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது அப்போதுதான் விளங்கும்.